சிரித்துக்கொண்டே இருந்த மேலாளர்

பல் டாக்டரின் காத்திருப்பு அறை நாற்காலிகள் பன்னிரண்டும் உறை மாற்ற ஷோரூம்காரர் கைக்குப் போய்விட்டன என்ற செய்தி வந்தபோது, சோபாக்காவின் வாயில் ஏழு குண்டூசிகள் இருந்தன. அதனால்தான் அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்த பிறகு சொன்னாள். சொன்னதை இங்கே எழுத முடியாது. மிஷினில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மட்டும், "அண்ணி, ஷட்டர் திறந்திருக்கு" என்று நினைவூட்டினாள்.

பழைய சோபாவையும் நாற்காலியையும் பிரித்து, ஸ்பிரிங் கட்டி, ஃபோம் மாற்றி, புது உறை போட்டுக் கொடுக்கும் கடை அது. பதினாறு வருஷமாக நடத்துகிறாள். பெற்றோர் வைத்த பெயரை அவளே மறந்துபோகும் அளவுக்கு எல்லோருக்கும் அவள் சோபாக்கா. கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கடையில் இரண்டே பேர்தான். வெட்டுவது, அடிப்பது, அளப்பது சோபாக்கா, தைப்பது நாத்தனார்.

மறுநாள் மருந்துக்கடை வாசலில் டாக்டரையே பிடித்துக்கொண்டாள்.

"என்ன டாக்டர், நம்ம கடை கண்ணுக்குத் தெரியலையா?"

"அப்படி இல்லம்மா. போன்ல தேடினேன். நீங்க வரலை. அவங்கதான் வந்தாங்க."

"நான் எதுக்கு போன்ல வரணும்? ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன்!"

டாக்டர் பல் தெரியச் சிரித்துவிட்டு நழுவிவிட்டார்.

ஷோரூம்காரர் புதுச் சாமான் விற்கிறவர். ரிப்பேர் வந்தால் யாரிடமோ கொடுத்து, தைக்க வேண்டிய இடத்தில் பசையைத் தடவித் திருப்பிக் கொடுப்பார். அவர் காதுக்கும் விஷயம் போயிருக்க வேண்டும். சாயங்காலம் கடை வழியாக நடந்தவர் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வெப்சைட் வேணும்னு கேட்டீங்களாமே? அதெல்லாம் கோடிங் படிச்சவங்க பண்ற வேலைம்மா. உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு? ஊசி நூலோட நிம்மதியா இருங்க."

அவள் அப்படி யாரிடமும் கேட்டிருக்கவில்லை. ஆனால் அவர் சொல்லி முடித்த நொடியில் வேண்டும் என்றாகிவிட்டது.

நாத்தனார் போனில் துழாவி ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். கோடிங் தெரிய வேண்டாம், பெட்டிகளை இழுத்து வந்து வைத்தால் போதும் என்றது அது. "சோபாவை இழுத்து இழுத்தே இடுப்பு போனவ நான். இந்தப் பெட்டியை இழுக்க மாட்டேனா?" என்றாள் சோபாக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டும் மேஜையைத் துடைத்து, கத்தரிக்கோல்களை ஓரம் கட்டி, லேப்டாப்பை நடுவில் வைத்தார்கள். நூற்றுக்கணக்கான வெப்சைட் மாதிரிகள் இருந்தன. அலமாரியில் இருந்த மெரூன் ரெக்சினுக்குப் பொருத்தமான நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதில் ஏற்கெனவே ஒரு மலை, ஒரு காபிக் கோப்பை, கைகுலுக்கும் இரண்டு கைகள் எல்லாம் இருந்தன. "யார் வீட்டுக் கை இது?" என்று கேட்டு அதை முதலில் தூக்கினாள்.

அன்று மத்தியானம்வரை அந்தத் திரை அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சோபாப் படத்தை வைத்தால் போன் நம்பர் காணாமல் போனது. போன் நம்பரைத் தேடி இழுத்தால் தலைப்பு கீழே விழுந்தது. ஒரு எழுத்து யானை அளவுக்குப் பெருத்துவிட்டது. குறைக்கப் போனால் எறும்பாகிவிட்டது. நாத்தனார் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அவளுடைய கட்டைவிரல் ஒரு மூலையில் நின்றது.

பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. போன் நம்பர் எங்கும் போகவில்லை. படத்துக்கு அடியில் இருக்கிறது.

"அட, இது நம்ம வேலைதான்டி! கட்டைக்கு மேல பட்டை, பட்டைக்கு மேல ஃபோம், அதுக்கு மேல துணி. எது அடியில, எது மேலன்னு தெரிஞ்சா போதும்."

போட்டதைத் திரும்ப எடுக்கும் அம்புக்குறியும் கண்ணில் பட்டது. தையலைப் பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிரித்தாள், போட்டாள், மறுபடி பிரித்தாள். ஒரே சோபாவின் நான்கு படங்களை வரிசையாக வைத்தாள்: கிழிந்தது, பிரித்துப் போட்ட எலும்புக்கூடு, புது ஃபோம் போட்டது, முடித்தது. அதைப் பார்த்து அவளுக்கே ஒரு பூரிப்பு.

எல்லாம் முடிந்து, 'எங்கள் குழு' என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். மூன்று வட்டங்கள். ஒன்றில் சோபாக்கா, இன்னொன்றில் நாத்தனார். மூன்றாவதில் அந்த மாதிரியோடு வந்த ஓர் ஆள், சாம்பல் நிறக் கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான். அவனை அழித்தால் மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். திரும்ப வரவழைத்தால் அவனும் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் படத்துக்குக் கீழே 'பதவி இங்கே' என்று எழுதியிருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும் அண்ணி. பார்க்க லட்சணமாத்தானே இருக்கான்" என்றாள் நாத்தனார். பதவி என்ற இடத்தில் அவளே 'மேலாளர்' என்று தட்டிவிட்டாள். சோபாக்காவுக்குப் பசி. சரி என்று தலையாட்டி, வெளியிடு என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்துவிட்டாள்.

புதன்கிழமை முதல் போன் வந்தது. "வெப்சைட் பார்த்தோம். மேலாளர் இருக்காரா?"

சோபாக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் மிஷினை நிறுத்தாமலேயே, "வெளிய போயிருக்கார்னு சொல்லுங்க" என்றாள். சொல்லப் போனால் பொய்யும் இல்லை, உள்ளே இல்லையே.

மேலாளர் எவ்வளவு உபயோகமான ஆள் என்பது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தபோதுதான் தெரிந்தது. அவர் சோபாவுக்கு முதலில் பச்சை என்றார். பிறகு நீலம். நீலத்துணியை வெட்டிய பிறகு, "வீட்டுல பழுப்புதான் நல்லாருக்கும்ங்கறாங்க" என்று வந்து நின்றார். சோபாக்கா சொல்லிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் வாய் தவறி, "மேலாளர் ஒத்துக்க மாட்டாரே சார்" என்றாள்.

தலைமையாசிரியர் முகம் மாறியது. "ஓ, அவர் சொல்லிட்டாரா? அப்ப நீலமே இருக்கட்டும்மா. நான் வந்து கேட்டேன்னு அவர்கிட்ட சொல்ல வேண்டாம்."

அவர் போன பிறகு இருவரும் அரைமணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றுமுதல் மேலாளர் கொடிகட்டிப் பறந்தார். அவசரப்படுத்துகிறவர்களிடம், "மேலாளர் தரம் பார்க்காம வெளிய விடமாட்டார்" என்றார்கள். ஒரு வாடிக்கையாளர் அவருக்குத் தேநீர் சொல்லட்டுமா என்று கேட்க, "அவருக்கு வயித்துல புண்ணு" என்று நாத்தனார் அடித்துவிட்டாள். நாத்தனாரின் கற்பனைக்குக் கடிவாளம் கிடையாது. அடுத்த வாரத்தில் மேலாளருக்கு முழங்கால் வலியும், அடங்காத ஒரு மாமியாரும் வந்து சேர்ந்தார்கள்.

எங்கோ ஒரு நெடுஞ்சாலையிலிருந்து கணவர் கூப்பிட்டார்.

"கடையில புதுசா ஒரு ஆளை வெச்சிருக்கியாமே? பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறானாம். கூட வர்ற டிரைவர் போன்ல காட்டறான்."

"ஆமா. சோறு கேக்கறதில்ல, குறட்டை விடறதில்ல. தங்கமான மனுஷன்."

நாத்தனார் போனை வாங்கி, "அண்ணே, அது வெறும் படம்ணே" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

இத்தனை சிரிப்புக்கு நடுவிலும் சோபாக்காவின் மனசில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. துணியை அடுக்கும்போது ஒருநாள் நாத்தனாரே அதைத் தொட்டுவிட்டாள். "அண்ணி, நீங்க பதினாறு வருஷமா சொன்னதைத்தானே அந்தப் படமும் சொல்லுது?"

"அதான்டி எனக்கும் எரியுது. அது வாயையே திறக்கலை. எல்லாரும் கேக்கறாங்க."

அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்ற வந்ததுபோல, ஒரு வியாழக்கிழமை ஷோரூம்காரர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கையில் மினுமினுக்கும் காகிதம் சுற்றிய சின்னப் பெட்டி.

"உங்க மேலாளரைப் பார்க்கணும்" என்றார்.

"எதுக்கு?"

"மறைக்க விரும்பலைம்மா. அவரை என் ஷோரூமுக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன். உங்களுக்கு வருத்தமா இருக்கும். ஆனா வியாபாரம்னா அப்படித்தான். அந்த வெப்சைட்டைப் பார்த்தேன். அந்த நாலு படத்தை வரிசையா வெச்சிருக்கார் பாருங்க, கிழிஞ்சதிலிருந்து முடிச்சது வரைக்கும்! அதுல ஒரு ஆம்பளை மூளை தெரியுது."

நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டாள்.

சோபாக்காவுக்கு உச்சந்தலைவரை ஏறியது. ஆனாலும் நிதானமாக லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். நடந்தது அத்தனையும் ஒளிக்காமல் சொன்னாள். வெப்சைட்டைச் செய்தது தான்தான் என்றும், மேலாளர் என்று யாரும் இல்லை என்றும் சொன்னாள். மாதிரிப் பக்கத்தையே திறந்து காட்டினாள். அங்கேயும் அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

ஷோரூம்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவரும் சிரித்தார்.

"யார் காதுல பூ சுத்தறீங்க? அவர் படத்தை எடுத்து அங்கேயும் போட்டு வெச்சிருக்கீங்க. என்கிட்ட வந்துடுவார்னு பயம். பரவாயில்லை, நான் காத்திருக்கேன்." பெட்டியை மேஜைமேல் வைத்தார். "இதை அவர்கிட்ட குடுத்துடுங்க."

உண்மையைச் சொல்லியும் நம்பாத மனுஷரை என்ன செய்வது? அவர் படியிறங்கிய பிறகு நாத்தனார் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். பேனா. "மேலாளருக்கு எழுதவே வராதே" என்றாள். சோபாக்கா சிரிக்கவில்லை. பேனாவை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி அவளை அனுப்பிவிட்டு, லேப்டாப் முன் உட்கார்ந்தாள்.

இந்த நாட்களில் அவள் அந்தத் திரையை நோண்டாமல் இருக்கவில்லை. மத்தியானங்களில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்திருந்தாள். அந்த மூன்று வட்டங்களையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது. தொகுப்பைப் பிரித்தாள். மூன்றும் தனித்தனியாக நின்றன. சாம்பல் கோட்டுக்காரனைத் தொட்டாள். அவன் கடைசிவரை சிரித்தான். அழித்தாள். இந்தத் தடவை அவன் மட்டும் போனான். தன் படத்தின் கீழே 'உரிமையாளர்' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'மேலாளர்' என்று எழுதினாள்.

மறுநாள் தலைமையாசிரியர் போன் செய்தார். சோபா வந்த பிறகு அவருக்கு மெத்தை கொஞ்சம் தணிவாக இருந்தால் தேவலை என்று தோன்றியிருந்தது. "மேலாளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?"

"நான்தான் சார் மேலாளர்."

"அப்ப... அவர்?"

"வேலையை விட்டு அனுப்பிட்டேன்."

தலைமையாசிரியரின் குரல் தணிந்தது. "அவரையேவா? நீங்களா அனுப்பினீங்க?"

"நான்தான்."

"மெத்தை இப்படியே நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் தலைமையாசிரியர்.

செய்தி இரண்டு தெருவுக்கும் பரவ ஒருநாள் போதுமானதாக இருந்தது. அப்பேர்ப்பட்ட ஆளையே துரத்திவிட்டவள் என்று ஜனங்கள் அவளிடம் ஒரு தினுசான மரியாதையோடு பேச ஆரம்பித்தார்கள். பழுப்பா நீலமா என்று யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. படம்தான் என்று அவள் எத்தனை பேரிடம் சொன்னாலும், "புரியுதும்மா, வெளியே சொல்ல முடியாத காரணம் இருக்கும்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் டாக்டரே நேரில் வந்தார். நாற்காலிகளின் ஓரம் பிளந்து, கசியும் பசையில் நோயாளிகள் ஒட்டிக்கொள்கிறார்களாம். நேற்று ஒருவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்ததாம்.

"பன்னிரண்டையும் அனுப்புங்க. மூணு வாரம் ஆகும். நிறம் இன்னைக்கே சொல்லணும், அப்புறம் மாத்தக் கூடாது" என்றாள் சோபாக்கா.

டாக்டர் உடனே மெரூன் என்றார்.

நாற்காலிகள் வந்து இறங்கிய அன்றே வெப்சைட் வழியாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஷோரூம்காரர். 'முன்னாள் மேலாளர் அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தார். தங்களுக்கு நேர்ந்த அநியாயத்தைக் கேள்விப்பட்டேன், எங்கே இருந்தாலும் என்னைத் தொடர்பு கொள்ளவும், என் கதவு திறந்தே இருக்கும் என்று உருக்கமாக எழுதியிருந்தார்.

படித்துக் காட்டும்போதே நாத்தனாருக்குக் கை துறுதுறுத்தது. "தொடாதே" என்று எச்சரித்துவிட்டு, சோபாக்கா முதல் நாற்காலியைக் கவிழ்க்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் பதில் தயாராக இருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. 'ஐயா, திங்கட்கிழமை வருகிறேன். வயிற்றுப்புண் இருப்பதால் தேநீர் வேண்டாம். மாமியாரும் கூட வருவார்.'

சோபாக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அத்தனையையும் அழித்தாள்.

"ஏன் அண்ணி! பாவம், எவ்வளவு ஆசையா கேட்டிருக்கார்."

"வேணாம்டி. திங்கட்கிழமை அந்த மனுஷன் மறுபடி சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பார்."

ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். 'ஐயா, அப்படி ஒருவர் இங்கே எப்போதும் இருந்ததில்லை. இப்படிக்கு, மேலாளர்.'

அனுப்பிவிட்டு, கவிழ்ந்து கிடந்த நாற்காலியின் அடித்துணியைக் கிழித்தாள். உள்ளே பசையோடு சேர்ந்து ஒரு பழைய செய்தித்தாளும் ஒட்டியிருந்தது. அதில் பாதி தீர்த்த குறுக்கெழுத்துப் புதிர் ஒன்று இருந்தது. நாத்தனார் மிஷினை விட்டு எழுந்து வந்து, மீதியைத் தீர்க்க உட்கார்ந்துவிட்டாள்.