ஒரு கழுதை, இரண்டு பெயர்

“அது என் கழுதை!”

“உங்க கழுதையா? நல்லா உத்துப் பாருங்க. இடது காது மடிஞ்சிருக்கில்ல? அது என் சிங்காரி!”

“சிங்காரியாம்! பவழம்னு நான் பேர் வெச்சு வருஷமாச்சு டீச்சர்!”

மாடி வீட்டு டீச்சரும் நானும் படிக்கட்டில் நின்று, ஆளுக்கொரு கைப்பேசியை வாள்போல நீட்டிக்கொண்டு கத்திய கத்தலில், எதிர் வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு எட்டிப் பார்த்தார். இரண்டு கைப்பேசியிலும் ஒரே கழுதை. அதே மடிந்த காது, உலகமே தனக்குக் கடன்பட்டது போன்ற அதே முகம்.

ஊருக்கு வெளியே ஒரு விலங்குக் காப்பகம் இருக்கிறது. அடிபட்ட நாய்கள், வீதியில் விடப்பட்ட பூனைகள், நடுவில் ஒரே ஒரு கிழக் கழுதை. மாதாமாதம் நன்கொடை தந்தால் ஒரு பிராணியை நம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம், பெயரும் வைக்கலாம். நான் கழுதையை எடுத்ததற்குக் காரணம் கருணை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். நாய் என்று சொன்னால் யாரும் நின்று கேட்பதில்லை. கழுதை என்றால் “கழுதையா?” என்று நிற்கிறார்கள். நின்றால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். என் விஷயத்தில் இடது கைக்கு முன்பே பால்காரருக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தெருவில் எனக்கு ‘ரேடியோ’ என்று பெயர். தெரியாதது போல நடிக்கிறேன், அவ்வளவுதான்.

“என்னைப் பார்த்துக் காப்பி அடிச்சுட்டு இப்ப பேச்சைப் பாரு!” என்றேன்.

“உங்களுக்கு முன்னாடியே எடுத்தவ நான். தண்டோரா போடல, அது ஒண்ணுதான் குறை” என்றார் டீச்சர்.

என் நாத்தனார் நடுவில் வந்து நின்றாள். என் வீட்டுக்காரரின் தங்கை, அப்போது கல்யாணமாகாமல் எங்களோடுதான் இருந்தாள். கண்ணாடிச் சாமான் கடையில் பொட்டலம் கட்டும் வேலை. முப்பத்தாறு வயதாகியும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள்.

“விடுங்க அண்ணி. கழுதைக்கு ரெண்டு பேர் இருந்தா என்ன?”

“உனக்கென்ன தெரியும்? நீ கழுதையைக் கண்டியா?” என்று அவளை அடக்கினேன். சனிக்கிழமைதோறும் தலையில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு வருகிறவளிடம் இதைக் கேட்டேன். அது கண்ணாடிச் சாமான் கட்டும் வைக்கோல் என்று நானே கண்டுபிடித்து, நானே என் மூளையை மெச்சிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பஞ்சாயத்துக்கு மூவரும் ஒரே பேருந்தில் கிளம்பினோம். டீச்சர் முன்னால், நான் பின்னால். நடுவில் நாத்தனார், பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

காப்பகத்தம்மா அக்குளில் ஒரு நாய்க்குட்டியை இடுக்கிக்கொண்டு வந்தார். “ஒருத்தர் தர்றது தீனிக்கே பத்தலைங்க. குளம்புல வேற சீழ். வாராவாரம் ஆள் வந்து சுத்தம் பண்ணிக் கட்டுப் போடணும். அதான் ரெண்டு பேரைச் சேர்த்தோம். ரெண்டு பேருக்கும் பேர் வைக்கலாம்னு சொன்னது எங்க தப்பு. கொட்டில்ல மாட்டுற பலகையில ஒரு பேருக்குத்தான் இடம்.”

“கூப்பிட்டுப் பார்ப்போம். எந்தப் பேருக்கு வருதோ அதான்” என்றார் டீச்சர்.

“பவழம்! என் தங்கம்!”

“சிங்காரி! வாடி கண்ணு!”

கழுதை எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. அதன் காலடியில் உட்கார்ந்து குளம்பைச் சீவிக்கொண்டிருந்த லாடக்காரர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கழுதை காலை உருவிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, நேராக என் நாத்தனாரின் பைக்குள் மூக்கை விட்டு ஒரு கேரட்டை எடுத்தது. இந்தப் பையில்தான் கேரட் என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் யோசிக்கவில்லை. எனக்கு அவமானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

“என் பேர் இல்லாத கழுதைக்கு என் காசு எதுக்கு? இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்.”

காப்பகத்தம்மா பெருமூச்சு விட்டார். “அப்ப அடுத்த ஊர்க் காப்பகத்துக்குத்தான் அனுப்பணும். இங்க குளம்புள்ளது இது ஒண்ணுதான். இது போனா இவருக்கும் இங்க வேலை இல்ல.”

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த லாடக்காரரின் கை நின்றது. நாத்தனார் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“அண்ணி, பேரை விட்டுக்குடுங்க.”

“உனக்கென்னடி வந்துச்சு?”

“கழுதை போனா அவர் வரமாட்டார். ஒரு வருஷமா சனிக்கிழமைதோறும் இங்க வர்றேன், குளம்பைப் பத்தி மட்டும்தான் பேசியிருக்கோம். இப்பதான் போன வாரம், சாப்பிட்டீங்களான்னு கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க அண்ணி.”

தெருக்கோடியில் யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் சொல்லிவிடுகிற எனக்கு, என் வீட்டு வைக்கோல் தெரியவில்லை.

“எனக்கு ஆறு மாசமாத் தெரியும்” என்றார் டீச்சர், பின்னாலிருந்து.

“ஆறு மாசமா? யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொல்லல.”

இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று அவரை ஏற இறங்கப் பார்த்தேன். பிறகு பேரம் பேசினேன். “பலகையில உங்க சிங்காரியே இருக்கட்டும். ஆனா கல்யாணச் செய்தியைத் தெருவுல நான்தான் முதல்ல சொல்லுவேன்.”

“சரி. ஆனா அவர் வாயைத் திறந்து கேக்குற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

நன்கொடை தொடர்ந்தது. அது எனக்குப் பெரிதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதுதான் என் ஆயுளிலேயே நான் செய்த பெரிய தானம். அந்த மனிதரோ குளம்பிலிருந்து மேலே ஏறிவர மழைக்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டார். நான் இளைத்தே போனேன். உடம்புக்கு என்ன என்று பால்காரர் விசாரித்தார்.

கடைசியில் கேட்டார். அன்று பத்து மணிக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது.

நாத்தனார் இப்போது காப்பகத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன வீட்டில் குடித்தனம் நடத்துகிறாள். டீச்சர் பணி ஓய்வு பெற்று மகனோடு இருக்கக் கடல் கடந்து போய்விட்டார். அவர் பங்கையும் சேர்த்து நான்தான் கட்டுகிறேன். பலகையில் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று காப்பகத்தம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார். பெயிண்ட் விற்கிற விலையில் அதற்கெல்லாம் எங்கே போவது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.