ட்ரூடி உதட்டுச் சாயம்

டொலீடோவில் அழகு நிலையம் நடத்தும் ட்ரூடி, தன் பெயரிலேயே தயாரித்த லிப்ஸ்டிக்கை விற்பனைக்கு இறக்க நியூயார்க் வந்திருந்தாள். காலையிலிருந்து மூன்று கடைகள் ஏறி இறங்கியாயிற்று. மூன்றிலும் கையை விரித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது நாலாவது கடை ஒன்றுதான். அங்கே கொள்முதலைக் கவனிக்கும் விட்டேக்கர் அம்மாள் லேசில் மசிகிற ஆளில்லை என்று பேச்சு.

ட்ரூடி நீட்டிய சாம்பிள் பெட்டியை அந்த அம்மாள் திறக்கவேயில்லை. ட்ரூடியின் உதட்டையே பார்த்தாள்.

"நீங்க போட்டிருக்கிறது நல்லாருக்கே. உங்களோடதுல இது எந்த நம்பர்?"

ட்ரூடி மாட்டிக்கொண்டாள். டாக்சியில் அவசரமாகப் பூசிக்கொண்டது, இருபது வருடமாக மருந்துக்கடையில் வாங்கிவரும் வேறு கம்பெனிச் சரக்கு. கூட வந்த நாத்தனார் டெனீஸ் சும்மா இருப்பாளா?

"ஏழாம் நம்பர், மேடம்!" என்று அளந்துவிட்டாள்.

ஏழாம் நம்பர் ஊதா; உதட்டில் இருந்ததோ சிவப்பு.

"நீ வாயை மூடுடி," என்றாள் ட்ரூடி. "இது என்னோடது இல்ல மேடம். பழக்கதோஷம்." உதட்டை அழுந்தத் துடைத்துவிட்டு, பெட்டியிலிருந்து தன் சிவப்பை எடுத்துப் பூசிக்கொண்டாள்.

விட்டேக்கர் அம்மாள் உற்றுப் பார்த்தாள்.

"அதுக்கு இது தேவலையே! ரெண்டு கிளைக்கு அனுப்புங்க, பார்க்கலாம். ஊதா மட்டும் வேணாம்."

"ஊதா வேணாம்னு நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள் டெனீஸ்.