வீட்டுக்கு வந்த நடைபாதை

பூங்காவின் நடைபாதை இப்போது எங்கள் வீட்டின் வழியாகப் போகிறது. காலை ஐந்தரைக்கு வாசல் கதவு வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, சமையலறையில் அடுப்பு மேடையை ஒட்டி வலப்பக்கம் திரும்பி, துணி துவைக்கும் கல்லோரமாகப் பின்வாசல் வழியாக வெளியேறுகிறது. ஏழு மணிக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழரை.

அதை வரவழைத்தது நான்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் நான் செய்தது, எனக்கு நேரமில்லை என்று சொன்னது மட்டும்தான். மற்றதையெல்லாம் என் மனைவி கோகிலவாணி செய்தாள்.

ஆடிப் பதினெட்டு முடிந்த வாரம் எனக்கு மூன்று மாதச் சர்க்கரை ஒன்பது புள்ளி ஆறு வந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். பிறகு மறுபடி தாளைப் பார்த்தார்.

"நல்லசிவம், தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும். மூணு மாசம் பாக்கறேன். குறையலைன்னா ஊசிதான்."

நேரமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஆகவே என் காலைப்பொழுதை வரிசையாகச் சொன்னேன். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், பிடிக்க வேண்டும். ஐந்தரை முதல் ஆறேகால் வரை மகள் சம்யுக்தாவை எழுப்ப வேண்டும். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண்ணை அதற்குக் குறைந்த நேரத்தில் எழுப்ப முடியாது. காய் நறுக்க வேண்டும். ஏழேகாலுக்கு மனைவி வேலைக்குப் போகிறாள், எட்டுக்கு மகளின் பள்ளிப் பேருந்து, ஒன்பதுக்கு எனக்கு நூல் மில் அலுவலகம். மாலையில் டியூஷன் வாசலில் நிற்க வேண்டும். பூங்காவோ ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடப்பதற்காக அதுவரை நடந்து போய், நடந்துவிட்டு, மறுபடியும் நடந்து வர வேண்டும்.

"அப்ப பூங்காவுக்குள்ள போக வேண்டாம். போய்ட்டு வர்ற நடையே போதும்" என்றார் டாக்டரம்மா.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வாசல் வரைக்கும் போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பினால் பூங்காவுக்கு மரியாதையாக இருக்காது என்று சொன்னேன்.

கோகிலவாணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். என் ரத்தத்தை எடுத்தவளும் அவள்தான், ஒன்பது புள்ளி ஆறு என்று தட்டச்சு செய்தவளும் அவள்தான். மறுநாள் நடைப்பயிற்சியாளர் சங்கத்துக்கு மனு எழுதினாள். 'பாதைக்குப் போக என் கணவருக்கு நேரமில்லாததால், பாதை என் கணவரிடம் வர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

நான்காம் நாள் சங்கச் செயலாளர் சென்னியப்பன் அளவு நாடாவோடு வந்தார். கூடத்தை அளந்தார், சமையலறையை அளந்தார், கடைசியில் என்னையும் அளந்தார்.

"மொத்தம் நானூறு மீட்டருங்க. உங்க வீட்டுக்குள்ள பதினாலு மீட்டர் வரும். மிச்சம் பின்னால பொடக்காளி வழியாப் போயி, அந்தச் சந்து முழுக்கச் சுத்திக்கிட்டு மறுபடியும் உங்க வாசலுக்கே வந்துருமுங்க. நடக்கறவங்க நாப்பது பேரு. இடப்பக்கமாப் போவாங்க. பாதை மேல மட்டும் யாரும் நிக்கக் கூடாதுங்க."

"பூங்கா?"

"அது அங்கயே இருக்கட்டுமுங்க. பாதை மட்டும் வருது."

திங்கட்கிழமை ஐந்தரைக்கு வந்தது. சிவப்பு நிறம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. அதன்மேல் நாற்பது பேர் வந்தார்கள். பத்திர ஆபீஸில் ஓய்வு பெற்ற கந்தப்பன் சார் கைகளைத் தட்டிக்கொண்டே முன்னால் போனார். கணக்கு வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்ற ஸ்டெல்லா டீச்சர் கடைசியில் வந்தார். எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நாற்பது வணக்கம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கந்தப்பன் சார் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார். முதல் நாள் முழுக்க அப்படியே போயிற்று. ஏழு மணிக்குக் கை வலித்தது. நல்ல உடற்பயிற்சி என்று மனைவியிடம் சொன்னேன்.

இரண்டாம் நாள் நடக்கலாம் என்றுதான் இருந்தேன். உள்ளே நுழைய இடைவெளி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் இடைவெளி கிடைத்தது, ஷூ கிடைக்கவில்லை. நடப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே போய், மூன்றாவது சுற்றில் கட்டிலுக்கடியில் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அதற்குள் வெண்டைக்காய் நறுக்கும் நேரம் வந்துவிட்டது.

நான் நறுக்குவதைப் பார்த்து கந்தப்பன் சார், "தம்பி, வெண்டைக்காயைக் கழுவிட்டு..." என்று சொல்லியபடியே பின்வாசல் வழியாகப் போனார். நான்கு நிமிடம் கழித்து வாசல் வழியாக வந்து, "...நறுக்கோணும். நறுக்கிட்டுக் கழுவக் கூடாது" என்று முடித்தார். அப்போது நான் நறுக்கிக் கழுவியிருந்தேன்.

அதைப் பார்த்து அவருக்கு மனது கேட்கவில்லை. மறுநாளிலிருந்து சுற்றுக்கு இரண்டு காய் வீதம் அவரே நறுக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். பால் பொங்கும்போது யாராவது ஒருவர் அடுப்பைத் தாண்டிக்கொண்டிருப்பார், அணைத்துவிடுவார். தண்ணீர்க் குடங்கள் கைமாறிக் கைமாறிச் சமையலறைக்குப் போயின. நாற்பது பேர் வரிசையாக "எந்திரி கண்ணு, எந்திரி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே போனால் எந்தப் பெண்ணும் எழுந்துவிடுவாள். சம்யுக்தா இரண்டு சுற்றில் எழுந்தாள். ஸ்டெல்லா டீச்சர் சுற்றுக்கு இரண்டு பின்னல் பின்னுவார். அடுத்து வருபவர் அடுத்த இரண்டைப் பின்னுவார். ஆறு மணிக்கு ரிப்பனோடு இரட்டைச் சடை தயாராகிவிடும்.

இரண்டாம் வார முடிவில் எங்கள் வீட்டில் ஆறு மணிக்குமேல் வேலையே இல்லை. எனக்கு ஒரு மணி நேரம் முழுசாக மிச்சமாயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சங்கடமான நிலைமை அதற்குமுன் வந்ததில்லை.

கோகிலவாணி முந்தானையைச் செருகிக்கொண்டு பாதையில் இறங்கினாள். சம்யுக்தாவும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். நான் பாதையோரமாக ஒரு நாற்காலியைப் போட்டுப் பேப்பரில் உடல்நலப் பக்கத்தைப் படித்தேன். யாராவது வரும்போது காலைத் தூக்கிக்கொள்வேன். அப்படி ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தூக்குகிறேன் என்பதை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் நடந்துகொண்டிருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது.

சில நாளில் ஒரு வசதி உண்டாயிற்று. நடப்பவர்கள் என்னை வைத்துச் சுற்று எண்ணத் தொடங்கினார்கள். நாற்காலியைத் தாண்டினால் ஒரு சுற்று. ஒருநாள் நான் பல் விளக்கப் போன நேரத்தில் பதினேழு பேருக்குக் கணக்குத் தவறிவிட்டது. சென்னியப்பன் வந்து, "கொஞ்சம் அசையாம இருந்தாத் தேவலாமுங்க" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து நான் ஐந்தேகாலுக்கே பல் விளக்கிவிடுகிறேன். நாற்பது பேருடைய ஆரோக்கியம் என்னை நம்பி இருக்கும்போது நான் எழுந்து நடப்பது சுயநலமாகும் என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் அந்தச் சுற்று முழுக்க யோசித்திருக்க வேண்டும். அடுத்த முறை வந்தபோது என்னைப் பார்க்காமலே போனாள்.

சம்யுக்தா பார்த்தாள். "அப்பா, உங்களைத் தாண்டறப்ப ஒவ்வொரு தடவையும்..." என்று தொடங்கினாள். நான்கு நிமிடம் கழித்து வந்து, "...ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

நான்காவது வாரம் வியாழக்கிழமை. கோகிலவாணி கூடத்தைக் கடக்கும்போது சொன்னாள்:

"ஏனுங்க, நேத்து லேபுக்கு ஒருத்தர் வந்தாரு..."

சமையலறையில் திரும்பிப் போய்விட்டாள். நான் பேப்பரைப் புரட்டினேன். மறுபடி வந்தாள்.

"...உங்க வயசுதான். கால் விரலை..."

"கால் விரலை என்ன?" என்று கேட்டேன். பாதையில் நிற்கக் கூடாது. அவள் நிற்கவில்லை. கந்தப்பன் சார் போனார், ஸ்டெல்லா டீச்சர் போனார், சம்யுக்தா போனாள். அத்தனை பேரும் அன்று மெதுவாக நடப்பதுபோல் இருந்தது.

"...எடுத்துட்டாங்களாம். ரெண்டு விரல்."

அடுத்த முறை அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரத்தம் எடுத்துட்டு டியூப்ல அவரு பேரை எழுதறப்ப..."

அடுப்பு மேடையில் கை வைத்து வலப்பக்கம் திரும்பினாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆகும். முதல் நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருப்பதென்று நான் முடிவு செய்ததாக நினைவில்லை. துவைக்கிற கல் என் வலப்பக்கமாகப் போனதையும், கையில் பேப்பர் இருந்ததையும், செருப்பு ஒன்றுதான் காலில் இருந்ததையும் கவனித்தேன். அவள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் எங்கே போனாலும் நான் வண்டியை ஓட்டினேன், அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அவள் இவ்வளவு வேகமாக நடப்பாள் என்பது எனக்குத் தெரியாது. சந்து மூலையில்தான் எட்டிப் பிடித்தேன்.

"எழுதறப்ப?"

அவள் திரும்பவில்லை. "கை உங்க பேரை எழுதிருச்சுங்க. நல்லசிவம்னு முழுசா எழுதிட்டேன். அப்புறம் பாத்துட்டு அடிச்சுட்டு, அவரு பேரை எழுதினேன்."

இருவரும் நடந்தோம். சந்தின் இரண்டு பக்கமும் வீடுகளின் பின்கதவுகள் இருந்தன. ஒன்றின் வழியாகக் குக்கர் விசில் கேட்டது. அவளுடைய கையைப் பிடித்தேன். பிடித்தது ஆறுதலுக்கா, விழாமல் இருப்பதற்கா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"மூச்சு வாங்குதுங்களா?"

இல்லை என்றேன். அந்த ஒரு சொல்லை மூன்று தவணையாகச் சொன்னேன்.

அன்று நாற்காலி காலியாக இருந்ததால் எல்லோருக்கும் கணக்குத் தவறிவிட்டது. பெரும்பாலானவர்கள் உத்தேசமாக முடித்துக்கொண்டார்கள். கந்தப்பன் சார் நேர்மையான மனிதர், சரியாகத் தெரியாமல் நிறுத்த மாட்டேன் என்று நடந்துகொண்டே இருந்தார். ஏழு மணிக்குப் பாதை போனபோது அவரும் அதன்மேல் இருந்தார். மறுநாள் ஐந்தரைக்கு அதோடு திரும்பி வந்தார். நலமாக இருந்தார். அதற்குப் பிறகு சங்கத்தில் பேசி, நாற்காலியில் ஒரு பூசணிக்காயை வைத்தார்கள். என் சட்டையை அதற்குப் போட வேண்டுமா என்று சென்னியப்பன் கேட்டார். ஒருவாரம் பார்த்துவிட்டு, தேவைப்படவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். சிலர் அதற்கு வணக்கமும் சொல்கிறார்கள்.

நான் தினமும் நடந்தேன். முதலில் இரண்டு சுற்று, பிறகு நான்கு, ஐப்பசியில் ஏழு. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள், ஸ்டெல்லா டீச்சர் உள்பட. தாண்டும்போதெல்லாம் அவர், "பரவால்ல, வந்துட்டீங்களே" என்றார். ஒரே நாளில் ஐந்து முறைகூடச் சொல்லியிருக்கிறார். சம்யுக்தா பக்கத்தில் வந்து, என் வேகத்துக்குக் குறைத்து நடந்து, நியூட்டனின் முதல் விதியை மனப்பாடமாகச் சொல்வாள். ஓய்விலிருக்கும் பொருளைப் பற்றி வருகிற இடத்தில் மட்டும் சிரிப்பாள்.

மூன்று மாதம் முடிந்ததும் கோகிலவாணியே ரத்தம் எடுத்தாள். டியூபில் பெயர் எழுதும்போது நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுதினாள். ஏழு புள்ளி ஒன்பது வந்தது. அதைத் தட்டச்சு செய்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். எண்ணை மட்டும் சொன்னாள். ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

அந்த வாரம் சென்னியப்பன் மறுபடியும் அளவு நாடாவோடு வந்தார். வாசல் நிலையின் அகலத்தை இரண்டு முறை அளந்தார்.

"ஒரு சின்ன விஷயமுங்க. பாதை இங்க வந்த பொறகு பூங்கா சும்மாவே உக்காந்துக்கிட்டு இருந்துச்சுங்களா, பெருத்துப் போச்சுங்க. கிழக்கால மருந்துக் கடைப் படி வரைக்கும் வந்துருச்சு. வேலிக் கொக்கி மாட்ட முடியல. அதனால திங்கக்கிழமையில இருந்து அதையும் நடக்கக் கூட்டியாறோம். புதுசுங்கறதால வேகமாப் போகாது. சங்கத்துல யோசிச்சு உங்ககூட ஜோடி போட்டிருக்கறோமுங்க."

சரிங்க என்றேன்.

திங்கட்கிழமை பூங்கா பத்து நிமிடம் தாமதமாக வந்தது. வாசலில் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி, புங்கமரங்களைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தது. ஊஞ்சல்கள் ஆடின. நான் இடப்பக்கமாக ஒதுங்கி இடம் கொடுத்தேன். முதல் சுற்று சேர்ந்தே நடந்தோம். அதற்கு நன்றாக மூச்சு வாங்கியது, எனக்கும்தான். இரண்டாம் சுற்றில் சந்து மூலையில் நான் இரண்டடி முன்னால் இருந்தேன்.

மூன்றாம் சுற்றில், அடுப்பு மேடைத் திருப்பத்தில், அது என்னைத் தாண்டிப் போனது.