ரதிதேவியின் மந்திரிசபை

1

இந்தக் கதை ஒரு கொப்பியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்திலிருந்து விரித்தால் அயர்லாந்து நாட்டு மந்திரிமாரின் பெயர்கள், தமிழ் எழுத்தில், அழித்தும் திருத்தியும். கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து விரித்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் இருந்த ஐந்து பேரின் பெயர்கள். அந்தக் கொப்பி என் மேசை லாச்சியில் கிடக்கிறது. அது என்னுடையதல்ல. சொந்தக்காரரிடம் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதை எழுதப் பயமாக இருக்கிறது. அதனால்தான் தொடக்கத்திலேயே நின்று சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "1987, ஆக்லாந்து. மவுண்ட் ஆல்பர்ட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." (கொட்டியதா? ஞாபகமில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "ஏரம்பமூர்த்தி எதற்கும் அஞ்சாத..." (அட, போதும். மனுசன் தபால் பெட்டிக்கே பயந்தவர்.)

மூன்றாம் தொடக்கம்: "அயர்லாந்தின் அரசியலமைப்பின்படி அரசாங்கத்தில் ஏழு பேருக்குக் குறையாமலும் பதினைந்து பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள்..." இது பரவாயில்லை. பயந்தவன் ஒளிக்கச் சட்டம் நல்ல இடம்.

2

ஏரம்பமூர்த்தி எங்களுக்கு ஏரம்பு அண்ணை, அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனுக்குக் கிட்ட, மிஸஸ் டெலேனி என்ற ஐரிஷ் விதவையின் பழைய பலகை வீட்டில் பின்னறை அவருக்கு, பக்கத்தறை எனக்கு. நான் ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் கிளாக். அவர் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக், இங்கே பேக்கரியில் பாண் தட்டு இழுப்பவர். (இதைப்பற்றி உருக்கமாக ஒரு பந்தி எழுதி வெட்டிவிட்டேன். அவரே ஒருநாளும் முறையிடாத விஷயத்துக்கு நான் ஏன் ஒப்பாரி வைக்க வேண்டும்?)

மனைவி ரதிதேவியும் ஆறு வயது மகள் வாசுகியும் ஊரில். சண்டை நடந்துகொண்டிருந்த ஊர். அவர்களை இங்கே கூப்பிட எழுதிப்போட்டிருந்தார். பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குக் குடிவரவுக் கந்தோரில் இன்டர்வியூ என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பேக்கரியில் கூட வேலைசெய்த முன்சாமி, பாபகூராவில் வீடு வாங்கியிருந்த ஃபிஜிக்காரர், ஒருநாள் வந்து திரியைக் கொளுத்திப் போட்டார்.

"அண்ணே, என் பேப்பரப் பார்த்த ஆபீசர் ஐரிஷ்காரரு. அவங்க நாட்டு பாலிடிக்ஸ் பேசினா மனுஷன் உருகிடுவாராம். எனக்கு ஒண்ணும் தெரியல, முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தெரிஞ்சிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"உண்மையாவோ?"

"ஆமா அண்ணே! நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

வேறு ஆள் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். அண்ணை அரசாங்க உத்தியோகத்துக்கான கிளறிக்கல் சோதினை பாஸ்பண்ணினவர். எங்கள் ஆட்களுக்கு இன்டர்வியூ என்றால் பொது அறிவு, பொது அறிவு என்றால் மந்திரிசபை. எந்த மந்திரிக்கு எந்த இலாகா என்று நித்திரையிலும் ஒப்புவிக்க வேண்டும். உத்தியோகம் அப்படித்தான் கிடைத்தது. பெண்சாதி பிள்ளையும் அப்படித்தான் கிடைப்பார்கள் என்று மனுசன் நம்பினார்.

"தம்பி, இந்த வீட்டுக்கார மனுசிக்கு அயர்லாந்துப் பேப்பர் வாறதெல்லே?"

"ஓம் அண்ணை, வருது."

"அப்ப ஒரு கொப்பி வாங்குவம்."

3

மிஸஸ் டெலேனியின் தங்கச்சி கோர்க் நகரத்திலிருந்து பேப்பர்களைக் கட்டாகக் கட்டி அனுப்புவா. எப்படியும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், பிந்தித்தான் வந்து சேரும். மிஸஸ் டெலேனிக்குத் தன் நாட்டு அரசியலைக் கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் சொல்லிமாளாது.

"எந்த அரசாங்கம் வேண்டும் உனக்கு, ஏரம்பு?" என்று கேட்பா. "பதினெட்டு மாதத்தில் மூன்று வைத்திருந்தவர்கள் நாங்கள்."

அது உண்மைதான். எண்பத்தொன்று நடுவிலிருந்து எண்பத்திரண்டு முடியுமுன் மூன்று. அந்த வருஷத்துப் பேப்பர் அண்ணையின் லாச்சிக்குள், மடித்துவைத்த சேட்டுகளுக்குக் கீழே விரிப்பாகக் கிடந்தது. அதையும் இழுத்தெடுத்துப் பாடமாக்கினார். நாடாளுமன்றம் தலைவரைத் தெரிவுசெய்யும், தலைவர் மந்திரிமாரைச் சொல்லுவார், ஜனாதிபதி ஒவ்வொருவருக்கும் முத்திரை கொடுப்பார் என்று குளியலறையிலும் முணுமுணுப்பார்.*

அந்தத் தை மாதம் அங்கே கூட்டுக் கட்சி கோபித்துக்கொண்டு வெளியேறியது. நான்கு மந்திரிமார் ஒரே நாளில் விலகினார்கள். அண்ணை அழிறப்பரை எடுத்துக்கொண்டு பதறினார். "நாலு இலாகா வெறுமனே கிடக்குதே!"

"கிடக்காது," என்றா மிஸஸ் டெலேனி. "மிச்சப்பேர் கூடுதல் பொறுப்பாக எடுப்பார்கள். ஒரு இலாகாவும் ஆளில்லாமல் கிடக்காது."

அண்ணை எழுதிக்கொண்டார். பிறகு பேப்பரின் திகதியைப் பார்த்தார். "இது மூண்டு கிழமைக்கு முந்தினது, தம்பி. இண்டைக்கு ஆர் இருக்கினமோ, ஆர் இல்லையோ." அவர் மந்திரிமாரை மட்டும் நினைக்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

* போன வருஷ இலாகா மாற்றத்தில் ஒரு மந்திரி தன் இலாகாவை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று வென்றாராம். அதைக் கேட்டு அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்: "எங்கடை ரதி மாதிரி. குசினி அடுப்பை ஒருத்தருக்கும் குடாள்." இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்திருங்கள். எனக்கு மறக்க முடியவில்லை.

4

வீட்டுப் பட்டியல்.

ஊர்க் கடிதங்களை வழியில் உடைத்துப் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் நம்பினோம். அதனால் ரதி அக்கா செய்தி ஒன்றும் எழுதுவதில்லை. நலம், நலமறிய அவா, அவ்வளவுதான். அயர்லாந்து மந்திரிசபை படிக்கிறேன் என்று அண்ணை எழுதியதும் அவவுக்கு ஒரு பகிடி தோன்றியது. அடுத்த கடிதத்தின் அடியில் இப்படி இருந்தது:

பிரதமர்: வாசுகி.
குசினி: நான்.
கிணறு, விறகு: மகேசன்.
படிப்பு: அப்பா.
ஆடு, கோழி: குணவதி மச்சாள்.
கடிதம்: நான்.

மகேசன் அக்காவின் தம்பி, பத்தொன்பது வயது. அப்பா என்பது அக்காவின் தகப்பன், ரிட்டயரான இராசரத்தினம் மாஸ்டர். குணவதி அண்ணையின் தங்கச்சி. இந்த ஐந்து பேரில் ஒருவரையும் நான் கண்டதில்லை, படத்தில்கூட. பட்டியலில் மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் பட்டியல் வந்தது. அண்ணை அதைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைத்தார். மாசி மாதக் கடிதத்தில் ஒரு வரி மாறியிருந்தது.

கிணறு, விறகு: குணவதி மச்சாள், கூடுதல் பொறுப்பு.

அண்ணை விரலை வைத்து மேலிருந்து கீழாக வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"தம்பி, மகேசனைக் காணேல்லை."

"அக்கா மறந்திருப்பா, அண்ணை."

"ரதியோ? மறக்கிறதோ?"

அன்றிலிருந்து அவர் தபால் பெட்டிவரை போவார், மூடியைத் திறக்கமாட்டார். "நீ ஒருக்காப் பார், தம்பி" என்பார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறப்பேன்.

5

இங்கே ஒருவரைப் பதவி நீக்குகிறேன். இந்தக் கதையின் மூன்றாம் பிரதியில் கதிர்காமநாதன் என்று ஒருவர் இருந்தார். கொழும்பிலிருந்து போன் எடுத்து, "மகேசன் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்ச் சேந்திட்டான், யோசிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு வைப்பார். என்ன நல்ல மனுசன்! ஆனால் அப்படி ஒருவரும் போன் எடுக்கவில்லை. நான்தான் தாங்கமுடியாமல் அவரை நியமித்தேன். ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மகேசன் எங்கே போனான்? இயக்கத்துக்கா? ஆமி பிடித்ததா? வள்ளம்தானா? மூன்றையும் எழுதிப்பார்த்தேன். ஒன்றை எழுதினால் மற்ற இரண்டும் வந்து பக்கத்தில் நிற்கின்றன. கதை எழுதுகிறவனுக்கு ஆளை வைக்கவும் எடுக்கவும் அதிகாரம் உண்டு என்கிறார்கள். அந்த அதிகாரத்தை நான் ஒருதரம் உண்மையிலேயே பாவித்திருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு

(இந்த வசனத்தை முடிக்க முடியவில்லை. அடுத்ததுக்குப் போவோம்.)

6

இன்டர்வியூவுக்கு முதல்நாள், புதன்கிழமை பின்னேரம். பெட்டியைத் திறந்தேன். நீலக் கடிதம். ரதி அக்காவின் கையெழுத்துத்தான். அப்பாடா என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணை உடைத்தார். நலம், நலமறிய அவா. கீழே:

பிரதமர்: வாசுகி.
குசினி: குணவதி மச்சாள்.
கிணறு, விறகு: குணவதி மச்சாள்.
படிப்பு: அப்பா.
வாசுகியைக் குளிக்கவார்க்கிறது, தலை இழுத்துப் பின்னுறது, படுக்கவைக்கிறது: குணவதி மச்சாள்.
கடிதம்:

கடிதம் என்பதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. "நான்" என்ற சொல் பட்டியலில் எங்குமே இல்லை. தபால் முத்திரையைப் பார்த்தோம். மூன்று கிழமைக்கு முந்தினது.

அண்ணை கடிதத்தை மடித்தபடி சொன்னார்: "பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்கு வெளிக்கிட்டிருப்பாள். அதுதான் இனிக் கடிதம் தேவையில்லை எண்டு விட்டிருக்கிறாள்."

"ஓம் அண்ணை. அதுதான்."

தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு அவரே சொன்னார்: "இல்லாட்டி மகேசனைக் கேட்டு ஆமிக் காம்புக்குப் போயிருப்பாள். போனால் விடுவினமோ தெரியாது எண்டு, எல்லாத்தையும் பிரிச்சுக் குடுத்திட்டுப் போயிருப்பாள்."

நான் டெலிபோனை எடுத்தேன். அந்தப் பக்கத்து டெலிபோன் லைன் எல்லாம் செத்துக் கிடந்தது. தந்தி அடித்தோம். விடியும்வரை பதிலில்லை.

7

வியாழன் காலை. எட்டு நாற்பதுக்கு ரயில். குசினி மேசையில் விண்ணப்பப் படிவம். என் இங்கிலீஷ் கையெழுத்து வடிவு என்று எல்லாவற்றையும் நான்தான் நிரப்பியிருந்தேன். ஒரே ஒரு வரிதான் மிச்சம்: பிள்ளையோடு பயணம் செய்யும் பெரியவரின் பெயர். ஒரு ஆளுக்குத்தான் இடமிருந்தது. கொடுத்த பெயரை அதற்குப் பிறகு மாற்றேலாது என்று எங்கள் ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள். மெய்யோ பொய்யோ, நாங்கள் நம்பினோம்.

ரதிதேவி என்று எழுதி, அவ இல்லாவிட்டால், பிள்ளை அங்கேயே நிற்கும். குணவதி என்று எழுதி, ரதி அக்கா இருந்துவிட்டால், அவ அங்கேயே நிற்பா.

(இன்டர்வியூவுக்கு வேறு நாள் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். "திகதி மாத்தினால் பைலை அடியிலை போட்டிடுவினம், தம்பி. பிள்ளை அங்கையெல்லே நிக்குது" என்றார்.)

முடிவு அ: அண்ணை தானே பேனையை எடுத்து ரதிதேவி என்று எழுதுகிறார். எனக்குப் பிடித்த முடிவு. நடக்கவில்லை.

முடிவு ஆ: அந்த நேரம் பார்த்துத் தந்திச் சேவகன் மணியடிக்கிறான். நான்காம் பிரதியில் அடித்தான். கதிர்காமநாதனின் தம்பியாக இருக்கும். அவனையும் அனுப்பிவிட்டேன்.

நடந்தது: அண்ணை யன்னல் பக்கம் திரும்பி நின்றார். "நீ எழுது. எனக்குச் சொல்லாதை" என்றார்.

நான் கொப்பியைப் பார்த்தேன். பட்டியலை ஒப்பிட்டு வாசிக்கத்தான் இந்த வீட்டில் பழகியிருந்தேன். பெயர் இல்லாவிட்டால் ஆள் இல்லை. குசினியை ஒருத்தருக்கும் கொடுக்காத மனுசி கொடுத்துவிட்டா. நான் பயந்துபோயிருந்தேன். எட்டு இருபத்தைந்து ஆகிவிட்டது. குணவதி என்று எழுதினேன்.

எழுதின இடத்தை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். அண்ணை திரும்பி வந்து, படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

இன்டர்வியூ இருபது நிமிடத்தில் முடிந்தது. நான் வெளியே நீள வாங்குப் பலகையில் இருந்தேன். அண்ணை வந்து பக்கத்தில் இருந்தார். ஆபீசர் ஒரு பெண். ஐரிஷ்காரியா என்று தெரியாது. "மந்திரி ஒருத்தரையும் கேக்கேல்லை, தம்பி" என்றார். அந்தப் பெயரை அவருக்கு வாசித்துக் காட்டினார்களா என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

8

இப்போது நான் என்ன செய்தேன் என்று சொல்லவேண்டும்.

அடுத்த கடிதம் வருமுன் கிளென்ஃபீல்டில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கந்தோருக்குக் கிட்ட என்று பொய் சொன்னேன். உண்மையில் தூரம். அந்தப் பெட்டியின் மூடியை இன்னொருதரம் திறக்க எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான். சாமான் கட்டியபோது கொப்பியும் என் கடுதாசிகளோடு வந்துவிட்டது. பிறகு அண்ணை போன் எடுத்தார், இரண்டு தரம். நான் வீட்டில் இல்லை என்று பக்கத்தறைக்காரனைக் கொண்டு சொல்லவைத்தேன். ஆகவே இந்தக் கதைக்கு முடிவு கேட்டு என்னிடம் வராதீர்கள். எழுதத் தெரியாமல் இல்லை. நான் ஓடிவிட்டேன்.

1989 மார்கழி, ஒரு சனிக்கிழமை காலை. கிளென்ஃபீல்ட் மோலில் பால் வாங்கிக்கொண்டு வருகிறேன். இருபது அடி முன்னால் ஏரம்பு அண்ணை. தலை நரைத்திருந்தது. பக்கத்தில் எட்டு வயதுப் பெண்பிள்ளை, இரட்டைப் பின்னல், இறுக்கமாக இழுத்துக் கட்டினது. சப்பாத்துக்கடை வாசலில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு விலைச்சீட்டைப் பார்த்தபடி நின்றா. சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை.

எனக்கு ரதிதேவியையும் தெரியாது, குணவதியையும் தெரியாது. முகத்தைப் பார்த்தாலும் தெரிந்திருக்காது. அந்தப் பெண் யாரென்று பிள்ளை கூப்பிட்டால்தான் தெரியும். தாய் என்றால் அம்மா. தகப்பனின் தங்கச்சி என்றால் மாமி.

அம்மா என்றால் என் எழுத்தை யாரோ அழித்துத் திருத்தியிருக்கிறார்கள், எனக்கு விடுதலை. மாமி என்றால் ரதி அக்கா முன்னமே போய்ச் சேர்ந்திருப்பா, அல்லது என் பேனையால் அங்கேயே நின்றிருப்பா. அதில் எது என்று தெரியாமல் பிறகு ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கமுடியாது.

பிள்ளை ஒரு சிவப்புச் சப்பாத்தைக் கண்டுவிட்டாள். கண்ணாடியில் விரலை வைத்தாள். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

நான் பால் போத்தலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு கார் பார்க் பக்கம் ஓடினேன்.

நீங்கள் ஓடவேண்டாம். அங்கேயே நில்லுங்கள், உங்களுக்குக் கேட்கும். கேட்டபிறகு எனக்குச் சொல்லாதேயுங்கோ.