உடைக்கக் கொடுத்த வண்டி

காசியம்மாள் வீட்டுப் புறக்கடையில் புகை எழும்பினால் அந்தத் தெருப் பெண்கள் முதலில் கொடியில் கிடக்கும் துணியை உருவிக்கொண்டு உள்ளே போவார்கள், பிறகு வெளியே வந்து திட்டுவார்கள். அவர்கள் திட்டுவதிலும் நியாயம் உண்டு. கரிப்புகையோடு பழைய எண்ணெய் தீய்கிற நாற்றமும் சேர்ந்து வந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? ஆனால் ஆடி பிறந்துவிட்டால் அதே பெண்கள்தான் இடுப்புக் குழந்தையோடு வந்து நிற்பார்கள். வேடியப்பன் சாமிக்கு ஒரு குதிரை நேர்ந்துகொண்டேன், அண்ணனிடம் சொல்லிச் செய்து கொடு அக்கா என்பார்கள். புகை நாற்றம் அப்போது மட்டும் மூக்கில் ஏறாது.

அண்ணன் என்றால் காசியம்மாளின் புருஷன் மாது. தொப்பூர்க் கணவாய்க்குக் கீழே, நெடுஞ்சாலையை ஒட்டி, பழைய வண்டி உடைக்கிற ஒரு பட்டறையில் அவனுக்கு வேலை. கணவாயில் உருண்ட லாரியும் நசுங்கிய காரும் முறுக்கிக்கொண்ட பைக்கும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். யாருக்கும் ஆகாத அலுமினியத் துண்டுகளை முதலாளியிடம் கேட்டுச் சாக்கில் கட்டி வருவான். ஒரு தகர டிரம்மைப் பாதியாக வெட்டி, உள்ளே களிமண் பூசி, அவனே கட்டிய உலை புறக்கடையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் உருக்கி, ஈர மணலில் அச்செடுத்து வார்ப்பான். மயில் செய்வான், தாமரை விளக்கு செய்வான். குதிரை என்றால் அவன் கைக்கு மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் குதிரைதான் வரும். மனுஷ முகம் மட்டும் அவன் செய்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் உயிர் போன வண்டியின் பாகம் எதுவும் இன்னொரு வண்டியில் ஏறக்கூடாது. அப்படிப்பட்ட வண்டி வந்து இறங்கியதுமே அதன்மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு விழுந்தது உலைக்குத்தான் போகவேண்டும், எவ்வளவு நல்ல பாகமாக இருந்தாலும் சரி. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் மீறினவன் கிடையாது. மாது ஒருவன்தான் மீறினான்.

மகன் திருமாலுக்குச் சேலம் பக்கத்தில் ஒரு மில்லில் வேலை கிடைத்த சமயம் அது. ஷிப்டுக்குப் பஸ் ஒத்துவரவில்லை. புது வண்டிக்கு வழியில்லாத அப்பன், பட்டறையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி மகனுக்கு ஒரு பைக் கட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் அமைந்தது, இன்ஜின் மட்டும் அமையவில்லை. அப்போதுதான் மொரப்பூர்ப் பக்கமிருந்து சவுரியப்பன் என்ற பெரியவர் டெம்போவில் ஒரு பைக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய பையன் அதில்தான் அடிபட்டுப் போயிருந்தான். இதை இனி ஒருத்தரும் ஓட்டக்கூடாது, உடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். முன்பக்கம்தான் நசுங்கியிருந்தது. இன்ஜினில் ஒரு கீறல் இல்லை.

மாது அதை மனசுக்குள்ளேயே போட்டு மென்றுகொண்டிருந்துவிட்டு, கடைசியில் மனைவியிடம் கேட்டான். காசியம்மாள் யோசிக்கக்கூட இல்லை. யாரை ஏற்றினோம், யாரை இறக்கினோம் என்று இரும்புக்கு என்ன தெரியும், பாவ புண்ணியம் பார்த்துக்கொண்டிருந்தால் பையன் நடந்துதான் வேலைக்குப் போவான் என்றாள். அவள் சொன்னாள், அவன் போட்டான். பாவம் என்று ஒன்று இருந்தால் ஆளுக்குப் பாதி.

அந்த வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. போன ஆவணியில், கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த ஒரு லாரி முன்னால் போனவற்றையெல்லாம் வாரிக்கொண்டு போனது. வாரியதில் திருமாலும் போனான். இன்ஜினுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போலீஸ்காரரும் அதைத்தான் சொன்னார், கூட வேலை செய்த பையன்களும் அதைத்தான் சொன்னார்கள். புத்திக்குத் தெரிந்தது மனசுக்கும் தெரிந்துவிட்டால் உலகத்தில் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

மாசியில்தான் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட்டார்கள். கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்கு உருவம் செய்து, வருஷம் திரும்பும்போது வீட்டுச் சாமியோடு வைத்துக் கும்பிடுவது அவர்கள் வகையறாவில் உண்டு. கல்லில் அடிப்பவர்கள் உண்டு, தகட்டில் வெட்டுபவர்கள் உண்டு. காசியம்மாளுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று பட்டது. அவன் கடைசியாகத் தொட்டது அந்த வண்டி, அதையே உருக்கி அவனைச் செய்துகொடுங்கள் என்று புருஷனிடம் கேட்டாள். மாது சரி என்றான்.

பங்குனியில் முதல் வார்ப்பு. இன்ஜின் கூட்டை உடைத்து, எண்ணெய் போகக் கழுவிக் காயவைத்து, மூசை என்கிற உருக்குக் கிண்ணத்தில் போட்டு உருக்கினான். மேலே மிதந்த கசடை நீளக் கரண்டியால் வழித்துக் கொட்டிவிட்டு, அச்சில் ஊற்றினான். ஆறியபின் மணலைத் தட்டினால் உள்ளே ஒரு முழங்கை நீளத்துக்குத் திருமால் நின்றான். மூக்கு சரியில்லை, வாய் சரியில்லை, எல்லாம் உண்மை. ஆனால் காது அவன் காது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்த அதே விடைத்த காது. காசியம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு, செத்த அன்று அழாத அழுகையை அழுதாள். குளிப்பாட்டுகிற மாதிரி ஈரத்துணியால் துடைத்து, சாமி அலமாரியில் நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறு அவள் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது அலமாரியில் இல்லை. மாது அதைத் துண்டாக்கி மறுபடி உலையில் போட்டிருந்தான். கேட்டதற்கு, மூக்கு சரியில்லை என்றான்.

இரண்டாவது கொஞ்சம் சின்னதாக வந்தது. உருக்கும்போதெல்லாம் ஒரு பங்கு கசடாகப் போய்விடும், அது உலைக்குக் கொடுக்கிற கூலி என்பது அவளுக்கும் தெரியும். அதையும் அவன் உடைத்தான். மூன்றாவது ஒரு சாணைவிட அதிகம் இல்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். பட்டறையில் வேறு அலுமினியம் கொட்டிக்கிடக்கிறதே, ஒரு துண்டு சேர்த்தால் என்ன என்று அவளே கேட்டாள். அதற்கு மட்டும் அவனுக்குக் கோபம் வந்தது. கண்டதையும் கலக்கிறதுக்கு இது என்ன சாம்பாரா என்றான்.

சித்திரைக் கடைசியில் மூன்றாவதும் மூசைக்குள் போனது. அன்றைக்குக் காசியம்மாள் எங்கும் போகவில்லை. பகல் வெயிலில், உலைக்குப் பக்கத்திலேயே கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மாது கசடை வழித்தான். மேலே கண்ணாடி மாதிரித் தெளிந்த பிறகும் வழித்தான். நல்ல உலோகம் கரண்டியோடு போய் மண்ணில் விழுவதை அவள் கண்ணால் பார்த்தாள். மகனைப் பிடிபிடியாக அள்ளி வீசுகிற மாதிரி இருந்தது.

எழுந்து போய்க் கரண்டியைப் பிடித்தாள். தெளிந்துபோச்சு, இன்னும் எதை எடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

மாது அவளைப் பார்க்காமல் மூசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்தப் பையன் இன்னும் போவல காசி."

அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகுதான் பிடிபட்டது. மூக்கும் காரணம் இல்லை, வாயும் காரணம் இல்லை. உருக்கி உருக்கி, கசடோடு கசடாக அந்த மொரப்பூர்ப் பையனை வழித்து எறிந்துவிட்டால் மிச்சம் நிற்பது தன் மகன் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் இந்த மனுஷன். எப்போது பார்த்தாலும் அந்தப் பெரியவர் டெம்போ பக்கத்தில் நின்று உடைத்துவிடுங்கள் என்று சொல்வது காதில் கேட்கிறது என்றான். கோடு போட்டதை ஏற்றினோமே, அவன் வந்து நம் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றான்.

காசியம்மாளுக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. போடச் சொன்ன வாய் ஆயிற்றே. உலை வெக்கை முகத்தில் அடிக்க அப்படியே நின்றாள். பிறகு சொன்னாள்: "உருகினதுல எது நம்ம பையன், எது அவங்க பையன்னு எந்தக் கரண்டிங்க பிரிக்கும்? அந்தப் பையன மண்ணுல கொட்டுனா எங்க போவான்? அவனுக்குன்னு ஒரு வூடு இருக்குது. அங்கதான் கொண்டுபோயி வுடணும்."

இருப்பதை இரண்டாக ஊற்றச் சொன்னாள். முகம் வேண்டாம், முகம் செய்து பட்டது போதும். உங்கள் கைக்குத் தெரிந்ததைச் செய்யுங்கள் என்றாள். மாது குதிரை அச்சை எடுத்து, ஒரே பெட்டி மணலில் இரண்டு தரம் அழுத்தினான். ஊற்றினான். முதல் குதிரை நிரம்பியது. இரண்டாவது நிரம்பி வரும்போது மூசை வறண்டுவிட்டது. மணலைத் தட்டிப் பார்த்தால், ஒன்று உள்ளங்கை அளவில் நான்கு காலோடு லட்சணமாக நின்றது. இன்னொன்றுக்குப் பின்னங்கால் ஒன்று முழங்காலோடு சரி. நிறுத்தினால் சாய்ந்தது. இனி உருக்க வேண்டாம் என்று அவள் சொல்வதற்கு முன்னால் அவனே உலைமேல் மண்ணை அள்ளிப் போட்டான்.

வைகாசியில் ஒரு நாள் காலையில் அவள் இரண்டையும் துண்டில் சுற்றி, வயர்கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மாது வரவில்லை. அந்தப் பெரியவர் முகத்தில் முழிக்க என்னால் ஆகாது என்றான். தர்மபுரியில் பஸ் மாறி, மொரப்பூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தாள். சவுரியப்பன் வீடு என்றதும், பைக்கில் போன பையன் வீடா என்று கேட்டுத்தான் வழி சொன்னார்கள். பெற்றவன் பெயரைவிடச் செத்தவன் சாவுதான் ஊருக்கு அடையாளம். பஸ்ஸிலேயே அவள் ஒன்றை முடிவு செய்திருந்தாள். நன்றாக நிற்கிற குதிரையை அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். தப்பு செய்தவர்கள் நாம், நொண்டியை வைத்துக்கொள்ள வேண்டியதும் நாம்தான். அந்தப் பையனின் அம்மா தலைமயிரைப் பிடித்து இழுத்தாலும் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தாள்.

சவுரியப்பன் காட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சகாயமேரி வேப்பமரத்து நிழலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். காசியம்மாள் வயசுதான் இருக்கும். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே சிலுவையும், அதற்குக் கீழே மாலை போட்ட ஒரு பையனின் படமும் தெரிந்தன. மீசை முளைக்கத் தொடங்கிய முகம். காசியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தபிறகு, வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

"உங்க வண்டிய உடைக்கலைங்க," என்றாள். "இன்ஜின எடுத்து எங்க பையன் வண்டிக்குப் போட்டுட்டோம். நாந்தான் போடச் சொன்னேன்."

சகாயமேரியின் கையில் இருந்த கட்டை நின்றது. உடைக்கச் சொல்லித்தானே எங்கள் வீட்டுக்காரர் கொடுத்தார் என்று கேட்டாள். ஆமாம் என்றாள் காசியம்மாள். உங்கள் பையன் எங்கே என்று கேட்டாள் அவள். காசியம்மாள் கூடையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்து, இரண்டு குதிரைகளையும் புளி முறத்தின்மேல் வைத்தாள். உருக்கிவிட்டோம் என்று மட்டும் சொன்னாள்.

சொல்லாததும் புரிந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு. எழுந்து உள்ளே போனாள். வரமாட்டாள், கதவைச் சாத்திக்கொள்வாள் என்றுதான் காசியம்மாள் நினைத்தாள். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். காசியம்மாள் குடித்து முடித்த பிறகு சகாயமேரி கேட்டாள்:

"வண்டி நல்லா ஓடுச்சுங்களா?"

வசவு வாங்கத் துணிந்து வந்தவளுக்கு இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. "ஒரு நாளும் வழியில நிறுத்தலைங்க," என்று சொல்லும்போதே உடைந்துவிட்டாள். சகாயமேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் மகன் அந்த வண்டியை வெள்ளிக்கிழமை தவறாமல் துடைப்பான், அப்பனைக்கூடத் தொடவிடமாட்டான் என்றாள். அதை இன்னொருத்தன் ஓட்டினான் என்றால் எனக்குக் கோபம் வரத்தான் வேண்டும், ஏனோ வரமாட்டேன் என்கிறது என்றாள். போன ஆவணியில்தான் எங்கள் பையனும் போனான் என்றாள் காசியம்மாள். அப்புறம் இருவரும் சேர்ந்து அழுதார்கள். யார் பிள்ளைக்கு யார் அழுதது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முறத்தில் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது, இன்னொன்று சாய்ந்து கிடந்தது. காசியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிற்கிற குதிரையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். இது உங்களுடையது என்றாள்.

சகாயமேரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எது யார் என்று கேட்கவில்லை. சாய்ந்து கிடந்ததை எடுத்து, குறைக்காலை ஒருமுறை விரலால் தடவி, முந்தானையில் வைத்துக்கொண்டாள்.

"இது செவுத்துல சாஞ்சிக்கும். எனக்கு மூணு வருசம் தாண்டிப்போச்சுங்க, சாத்தி வெச்சிப் பழகிட்டேன். உங்களுக்கு இன்னும் ஒரு வருசமே திரும்பல. நிக்கறத நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க."