தலை அசையக் கூடாது

கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியாமலே கோல்ஃப் ஷூ தைத்தவர்கள் நாங்கள். ஆம்பூரில் இது ஒன்றும் அதிசயமில்லை. பனியைக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் இங்கே பனிக்கால பூட்ஸ் தைக்கிறார்கள்.

நான் முத்துமாரி, சாம்பிள் ரூம் இன்சார்ஜ். வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று கம்பெனியில் பேர். அந்த வாயால்தான் முதலாளி ரஷீத் அஹமது பாயிடம் சண்டை போட்டு, கோல்ஃப் ஷூவுக்கென்று தனி செக்‌ஷன் வாங்கினேன். ஆனால் அனுப்பிய சாம்பிள் இரண்டு முறையும் ரிஜெக்ட். ஷூ திரும்பி வரவில்லை, மெயில்தான் வந்தது. வீசும்போது முன்கால் ஷூவில் வெளிப்பக்கம் சோல் வாயைப் பிளக்கிறதாம். எந்தக் கால் முன்கால் என்று அதில் இல்லை. வீச்சைப் புரிந்துகொண்டு தையுங்கள் என்று புத்திமதி வேறு.

மூன்றாவதும் போனால் செக்‌ஷனை மூடிவிடுவேன் என்று பாய் சொல்லிவிட்டார். மெஷின்கள் செருப்பு லைனுக்குப் போகும், இங்கே தைக்கிற என் பெண்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போவார்கள். செருப்பு லைன் புகழேந்தி அதற்குள் இஞ்ச் டேப்போடு வந்து என் ரூமை அளந்துவிட்டுப் போனான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டேப்பாலேயே அவனைக் கட்டிப் போட்டிருப்பேன்.

வாங்குபவர்களோடு மெயிலில் பேசுகிற ஃபைஸான் ஒரு வீடியோ கொண்டுவந்தான். அதில் ஒரு வெள்ளைக்காரர், பந்திலிருந்து தோள்வரை ஒரு கண்ணாடிப் பலகை சாய்ந்து நிற்பதாகவும், அதில் ஒரு ஓட்டை வழியாக உங்கள் தலை வெளியே இருப்பதாகவும் நினைத்துக்கொள்ளச் சொன்னார். பந்தை அடிக்கிற கோல் அந்தச் சாய்வுக்கு அடியிலேயே போய் வர வேண்டும், பலகையில் இடிக்கக் கூடாது. தலை அசையாமல் உடம்பு திரும்ப வேண்டும்.

"நெனைக்கறது இன்னாத்துக்குக்கா? செஞ்சிடலாம்" என்றான் ஃபைஸான்.

எங்கள் ஊர்ப் புத்தி அப்படித்தான் போகும். பக்கத்து டேனரியில், தோலைக் கிளிப் போட்டு இழுத்துக் காயவைக்கிற இரும்புச் சட்டம் ஒன்றை இரவல் வாங்கினோம். சொத்தை என்று கழித்துப்போட்ட முழு மாட்டுத்தோலை அதில் கட்டி, நடுவில் தலைக்கு ஓட்டை வெட்டி, சுவரில் சாய்த்தோம். கோல் கிடையாது, தண்ணி பைப் நுனியில் ஒரு லேடீஸ் ஹீலைச் செருகிக்கொண்டோம்.

ஃபைஸான் அடியில் புகுந்து தலையை மேலே நீட்டினான். பைப் கொஞ்சம் தூக்கலாகப் போனாலும் தோலில் 'டம்' என்று அடித்தது. காலையெல்லாம் எங்கள் சாம்பிள் ரூமில் சாவு மேளம்தான். மத்தியானம்போல மேளம் நின்றது. சாய்வு பிடிபட்டுவிட்டது.

தலையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. உள்ளே போகும்போது மடங்கிய காது வெளியே வரும்போது மடங்க மறுத்தது.

"அக்கா, பேஜாரா கீது. வெட்டி எடுக்கா!"

"இரு, காதையா தோலையா?"

அவன் பயந்துபோய் உடம்பை முறுக்கினான். தலை ஆணி அடித்ததுபோல் நிற்க, இடுப்பு திரும்பியது, பின்னங்கால் குதி எழும்பியது, மொத்த எடையும் முன்காலின் வெளி ஓரத்தில் போய் உருண்டது. அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான் கத்தியே விட்டேன். சோல் பிளப்பது அங்கேதான்! வீச்சு கையில் இல்லை, உடம்பில் இருக்கிறது. அவனை இன்னும் நாலு முறை முறுக்கவிட்டுத்தான் தோலை வெட்டினேன்.

அந்தக் கால் ஷூவுக்கு மட்டும் வெளிப்பக்கம் ஒரு தோல் பட்டி வைத்துச் சோலோடு சேர்த்துத் தைத்தோம். இரண்டிலும் வைத்தால் எடை ஏறும், அதற்கும் ரிஜெக்ட் பண்ணுவார்கள்.

வெள்ளிக்கிழமை, வாங்குகிற கம்பெனியின் சென்னை ஆள் அந்தோணி சார் சொந்தக் கோலோடு வந்தார். ஷூவை மாட்டினார், வீசினார். இடது ஷூ வாயைப் பிளந்தது.

நாங்கள் பட்டி வைத்தது வலது ஷூவில்.

ஃபைஸான் முகத்தைப் பார்த்தேன். அவன் இடக்கை ஆட்டக்காரன், அவனுக்கு முன்கால் வலது; மற்றவர்களுக்கு இடது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிரிக்கெட்டில் அவன் இடது பக்கம் நின்று அடிக்கும்போதெல்லாம் கைதட்டியவள் நான்தான். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். புகழேந்தி வாசலில் நின்று டேப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பாய், இவரை மத்தியானம் வரைக்கும் புடிச்சி வைங்க" என்றேன். தோல் வெட்டும் மாதிரி அட்டையைத் திருப்பிப் போட்டால் வலது இடதாகிவிடும். புதிதாக ஒரு ஷூ தைக்க நேரம்தான் வேண்டும். பாய்க்கு ஒருவரைப் பிடித்து வைக்கத் தெரிந்த ஒரே வழி பிரியாணி. அந்தோணி சார் போதும் என்று தட்டைக் கையால் மறைத்தாராம்; பாய் அந்தக் கையைத் தூக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைத்தாராம்.

புது ஷூவோடு நான் வந்தபோது அவருக்கு எழுந்திருக்கவே மனசில்லை. எழுந்தார், மாட்டினார், வீசினார். ஷூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஓகே மேடம்" என்று பேனாவை எடுத்தார். புகழேந்தி முகம் செத்துப்போனது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் காலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். குதி எழும்பவில்லை, கால் உருளவில்லை. வயிறு நிறைந்த மனுஷன் கையை மட்டும் வீசியிருந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்."

"யா அல்லா! இன்னா பேசறே நீ?" பாய் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"உடம்பு திரும்பலையே பாய். கைய ஆட்டினா எந்த ஷூதான் பிளக்கும்? நாளைக்கு வாங்கினவங்க கால்ல பிளந்தா செக்‌ஷன் மட்டுமா போவும்? கம்பெனி பேரே போய்டும்." என் பெண்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தோணி சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கா திரும்பத் தெரியாது?" மூச்சை இழுத்தார், காலை அகட்டினார், தலையை நிறுத்தி இடுப்பைத் திருப்பி ஒரு வீச்சு.

'சர்ர்' என்று கிழிகிற சத்தம்.

எனக்கு உயிர் போய்விட்டது. தரையில் விழுந்து ஷூவைப் பார்த்தேன். கால் வெளி ஓரத்தில் அப்படியே உருண்டு நிற்கிறது, சோல் ஒரு நூல்கூட விடவில்லை. நிமிர்ந்தேன். அந்தோணி சார் இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். சுவரில் சாய்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். நான் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது.

ஆர்டர் கிடைத்தபின் கோல்ஃப் செக்‌ஷன் தைத்த முதல் உருப்படி அந்தோணி சாரின் பேண்ட். ஷூ தைக்கிற அதே ஊசி, அதே தடித்த நூல். இனி அவர் எவ்வளவு திரும்பினாலும் அது பிரியாது.