பெண்டுகள் பக்கத்து விளக்கு

திருச்சி தந்தி ஆபீஸ் சேஷுவுக்கு அச்சில் வந்ததெல்லாம் வேதம். ஸ்ரீரங்கத்துச் சபையின் அந்தாதிப் போட்டியில் யார் முந்தினார்கள் என்று வருஷா வருஷம் சண்டை வரவே, மின்சாரம் வந்ததும் இழுத்துக்கொள்ளும் ரிலே என்கிற காந்தச் சுவிட்சுகள் இரண்டை வைத்து ஒரு பெட்டி செய்து கொடுத்தார். ஒரு பாசுரம் முடிந்ததும், அதன் கடைசிச் சொல்லில் தொடங்கும் அடுத்த பாசுரம் தெரிந்தவர் பொத்தானை அமுக்க வேண்டும். அவருடைய ரிலே 'டக்'கென்று இழுத்து அவர் விளக்கை ஏற்றும். அதற்குப் பிறகு எதிராளி என்ன குத்தினாலும் எரியாது.

இந்த வருஷம் முதல் இரண்டு சுற்றிலும் எரிந்தது ஆண்கள் தரப்பு வேதாந்தத்தின் விளக்குதான். எதிர்த்தரப்பு, சேஷுவின் சொந்த மனைவி வைஜயந்தி. பாவம், வாயைத் திறக்கவே வழியில்லை.

"பெண்டுகளுக்குப் பாடம் போறாது. கடைசிச் சுத்திலயும் இப்படின்னா, அடுத்த வருஷம் ஆம்பிளைகள் மட்டும் போதும்" என்று காரியதரிசி சக்ரபாணி சொல்லிவிட்டார்.

கடைசிச் சுற்றுக்கு முன் வைஜயந்தி கணவரைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் முந்தி அமுக்கறேன். உங்க பெட்டிதான் தூங்கறது."

சேஷு ரிலேயோடு வந்த தாளை நீட்டினார். "ரெண்டும் ஒரே வேகம்னு அச்சடிச்சிருக்கான். ஆத்து மேஜையில நானே சோதிச்சேன்."

"அச்சடிச்சவன் ஊர்ல பொம்மனாட்டிகளை எங்கே உட்கார வைக்கறான்னு கேட்டேளா?"

சேஷுவுக்குச் சுருக்கென்றது. ஆண்கள் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தார்கள். பெண்கள் கூடத்தின் மறுகோடியில், திரைக்குப் பின்னால். அவள் பொத்தானுக்கு மட்டும் மெல்லிசுக் கம்பி அத்தனை தூரம் போய்த் திரும்பியது. அவள் பொத்தானைக் கம்பியோடு இழுத்து வந்து, இரண்டையும் ஒரே ரூல்தடியால் அமுக்கினார். வேதாந்தத்தின் விளக்கு. மறுபடியும் வேதாந்தத்தின் விளக்கு. தாளின் அடியில் எறும்பெழுத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தார்: ரிலேக்குள் இருக்கும் காயில் என்ற கம்பிச்சுருளுக்கு முழு வோல்ட் வந்தால்தான் அந்த வேகம். நீளக் கம்பி வோல்ட்டைத் தின்றுவிட, அவள் ரிலே சோம்பல் முறித்து எழுந்திருக்கிறது.

அவள் பொத்தானைத் திரைக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டு, அதே அளவு கம்பியை வேதாந்தத்தின் பொத்தானுக்கும் இணைத்து, சுருட்டி அவர் நாற்காலிக்கடியில் வைத்தார்.

"என்ன ஓய், பாம்பாட்டியா நீர்?" என்று வேதாந்தம் காலைத் தூக்கிக்கொண்டார்.

பாசுரம் முடிந்தது. திரைப்பக்கத்து விளக்கு எரிந்தது. வைஜயந்தி பாடினாள், ஒரு சொல் தடுமாறவில்லை. அடுத்ததும் அவள் விளக்குதான். சக்ரபாணி தலையாட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். கூடமே கைதட்டியபோது சேஷுவால் மட்டும் தட்ட முடியவில்லை. இத்தனையும் தெரிந்தவளை இரண்டு சுற்று ஊமையாக உட்கார வைத்தது தன் கைதானே.